கார் ஓட்டுவதற்கு ஒரு சோடிச் சப்பாத்து

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் காலி வீதி வழியே ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தூரம். காலை ஏழரை மணிக்குப் பிறகு புறப்பட்டால் அதைக் கடப்பதற்கு ஒரு மணித்தியாலம்கூட ஆவதுண்டு. என்னுடையது கையால் கியர் மாற்ற வேண்டிய பழைய சிறிய கார். அந்த ஒரு மணித்தியாலத்தில் இடது கால் கிளச்சை எத்தனை முறை மிதிக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் பொறுமை எனக்கு இருந்ததில்லை; ஆனால் அலுவலக வாசலில் இறங்கும்போது கணுக்கால் அந்தக் கணக்கைச் சொல்லிவிடும். ஆசனத்தை முன்னே தள்ளிப் பார்த்தேன், முதுகுக்குத் தலையணை வைத்துப் பார்த்தேன், காலில் எண்ணெய் பூசியும் பார்த்தேன். காலில் என்ன போட்டிருக்கிறேன் என்பதை மட்டும் நெடுநாள் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது தெஹிவளை மேம்பாலம். அலுவலகத்துக்குக் குதி உயர்ந்த சப்பாத்து அணிவது என் வழக்கம். அதைப் போட்டுக்கொண்டு ஓட்டுவது சிரமம் என்பதால், காரில் ஏறியதும் கழற்றி ஆசனத்தின் அருகே வைத்துவிட்டு வெறுங்காலுடன் ஓட்டுவேன். நம்மில் பலர் செய்வதுதான். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாலை, மேம்பாலத்தின் இறக்கத்தில் முன்னால் சென்ற ஓட்டோ சட்டென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். அது பாதி இறங்கி, அடியில் ஏதோ கட்டையில் முட்டியதுபோல நின்றுவிட்டது. அதற்கு முன் ஒருமுறை வேகம் குறைத்தபோதே, கழற்றி வைத்த சப்பாத்துகளில் ஒன்று முன்னோக்கிச் சறுக்கிப் போய் பிரேக்கின் கீழ் ஒருக்களித்துக் கிடந்திருக்கிறது. கைப் பிரேக்கையும் சேர்த்து இழுத்ததில் கார் ஓட்டோவுக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. ஓட்டோவின் பின் ஆசனத்தில் முருங்கைக்காய்க் கட்டை மடியில் வைத்திருந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

அன்று முதல் இரண்டு முடிவுகள். கழற்றிய எந்தக் காலணியும் சாரதியின் காலடியில் இருக்கக்கூடாது. பின் ஆசனத்துக்குக் கீழே, ஒரு பைக்குள் இருக்க வேண்டும். அடுத்தது, ஓட்டுவதற்கென்றே ஒரு சோடி வாங்க வேண்டும். முதலாவது அன்றிரவே நிறைவேறியது. இரண்டாவதற்கு ஆறு மாதம் பிடித்தது, நான் தவறான சோடியை முதலில் வாங்கியதால்.

தவறு என்னவென்றால், மென்மையாக இருந்தால் வசதியாகவும் இருக்கும் என்று நினைத்தேன். சுதந்திர சதுக்கத்தில் மாலையில் நடப்பவர்களின் கால்களில் காண்கிற, அடியில் தடித்த பஞ்சு போன்ற சோல் வைத்த ஓட்டச் சப்பாத்து ஒன்றை வாங்கினேன். நடப்பதற்கு அது மெத்தைதான். காரில் ஏறினால் நிலைமை வேறு. கிளச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கால் உணர வேண்டும்; அந்த உணர்வு பெடலிலிருந்து சோலைத் தாண்டித்தான் உள்ளங்காலுக்கு வர வேண்டும். நான் மிதித்ததில் ஒரு பங்கைப் பஞ்சு வாங்கிக்கொண்டது. வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் ஒரே காலையில் மூன்று தடவை எஞ்சின் நின்றுபோய், பின்னால் நின்ற பஸ்காரரின் ஹோன் சத்தத்தை வாங்கிக் கட்டிக்கொண்டேன். போதாததற்கு, அந்தச் சோல் மேற்பகுதியைவிடப் பக்கவாட்டில் அகன்றிருந்தது. அக்சிலரேட்டரில் கால் இருக்கும்போது அதன் ஓரம் பிரேக்கின் விளிம்பில் உரசியதை ஒரு நாள் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துக் குனிந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

அப்படிக் குனிந்தபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. அக்சிலரேட்டருக்குக் கீழே தரை விரிப்பில், என் வலது குதி ஊன்றும் இடத்தில், ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு ஒரு தேய்மானம். வலது கால் எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. குதி தரையில் ஊன்றி நிற்க, விரல்களுக்குக் கீழுள்ள சதைப்பகுதிதான் அக்சிலரேட்டரை அழுத்துகிறது. பல கார்களில் பிரேக் அக்சிலரேட்டரைவிடச் சற்று உயர்ந்திருப்பதால், கால் கொஞ்சம் மேலெழுந்து இடம் மாற வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடிவிடுகிறது. அகன்ற சோல் பிரேக்கின் விளிம்பில் தட்டுப்பட்டு அரை விநாடி தாமதித்தால் 7 மீற்றர். இரண்டு ஓட்டோக்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளத்தைவிட அது கூடுதல்.

குதி உயர்ந்த சப்பாத்தின் குறையும் இங்கேதான். ஊன்ற வேண்டிய இடம் தரையிலிருந்து மேலே போய்விடுவதால் காலின் கோணம் மாறுகிறது. மெல்லிய குதியாக இருந்தால் விரிப்பில் குத்தி நிற்கிறது. பின்பட்டி இல்லாத செருப்பிலோ, கால் மேலெழும்போது செருப்பு கீழேயே தங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குப் போகும்போது, வாசலில் கழற்றிவிடுவதற்கு வசதி என்று எல்லோரும் அதைத்தான் போட்டுக்கொண்டு ஓட்டுகிறோம். நானும் ஓட்டியவள்தான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. சேலையுடன் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு தொல்லை கூடும்: உயரமான குதிக்கு ஏற்றபடி நீளம் விட்டுக் கட்டிய சேலையின் கீழ்க்கரை, தட்டையான சப்பாத்துக்கு மாறியதும் குதியின் அடியில் போய் மாட்டிக்கொள்ளும். காரில் ஏறியதும் கொசுவத்தை ஒரு விரற்கடை மேலே இழுத்துவிட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் வெறுங்காலே நல்லதல்லவா என்று அப்பா கேட்டார். இளமையில் மொறிஸ் மைனரை வெறுங்காலுடன் ஓட்டியவர் அவர். உணர்வைப் பொறுத்தவரை வெறுங்காலுக்கு ஈடில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுப் பலத்துடன் பிரேக்கை மிதிக்க வேண்டிய வேளையில், பெடலின் குறுகிய விளிம்பு உள்ளங்காலில் பதிந்து வலிப்பதால் கால் தன்னையறியாமல் பின்வாங்கும். வியர்வை இருந்தால் வழுக்கவும் செய்யும். தவிர, அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் ஒரு மெல்லிய நைலோன் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். நீரிழிவு நரம்புகளைப் பாதித்திருந்தால் அந்த இழையின் தொடுகை உணரப்படாது. அவ்வாறானவர்கள் வெறுங்காலுடன் இருக்கவே கூடாது. பெடலை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதும் அவர்களுக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். அப்பாவுக்கு இழை இன்னும் தெரிகிறது. தெரியாத நாள் வந்தால் காரின் சாவியைப் பற்றி வைத்தியரிடம் பேசியே தீர வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்; அவர் கேட்காததுபோல இருக்கிறார்.

வெளிநாடுகளில் இதற்கு வழிகாட்டல்கள் உண்டு. பிரித்தானிய நெடுஞ்சாலைக் கோவையின் 97 ஆவது விதி, உடையும் காலணியும் வாகனத்தைச் சரியாகக் கட்டுப்படுத்துவதற்கு இடையூறாக இருக்கக்கூடாது என்கிறது. அங்குள்ள ஆர்.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு இன்னும் குறிப்பாக, சோலின் தடிப்பு 10 மில்லிமீற்றருக்கு மேற்படாமல், அதே வேளை மிக மெல்லியதாகவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. இத்தாலியர்கள் 1963 இலேயே கார் ஓட்டுவதற்கென்று தனிச் சப்பாத்து செய்து விற்கத் தொடங்கியவர்கள்: மெல்லிய தோல், அடியில் சிறு இறப்பர் முடிச்சுகள், அந்த முடிச்சுகள் குதியின் பின்புறம் வரை ஏறியிருக்கும். என் தரை விரிப்பின் தேய்மானத்தைப் பார்த்த பிறகு, அவை ஏன் பின்புறமும் ஏறுகின்றன என்று விளங்கியது. அந்தச் சப்பாத்துகளின் விலையை ஒருமுறை பார்த்தேன், மறுமுறை பார்க்கவில்லை.

அடிமட்டத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு மாலை பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குப் போனேன். மாலையில் போனதற்குக் காரணம் உண்டு. நாள் முழுவதும் இருந்து நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும், காலையில் பொருந்திய அளவு மாலையில் இறுகும். கதிரையில் அமர்ந்து, குதியை ஊன்றி, முன்பாதத்தை மேலும் கீழும் அசைத்தும் வலமிருந்து இடம் மாற்றியும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைத் தம்பிக்குப் பொறுக்கவில்லை.

“எழும்பி நடந்து பாருங்கோ அக்கா, அப்பத்தான் தெரியும்.”

“நான் நடக்க வாங்கேல்லைத் தம்பி, கார் ஓட வாங்குறன்.”

அவர் என்னையும் அடிமட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இன்னும் நான்கு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்.

தெரிவானது, கறுப்பு நிறத்தில் தட்டையான, பின்பக்கம் மூடிய, கயிறு இல்லாத ஒரு சோடி. சோல் இறப்பர், 8 மில்லிமீற்றர். மேற்பகுதியைத் தாண்டி ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. கோடுகள் ஆழமில்லாதவை, ஆழமான பள்ளங்களில் சிறு கற்கள் அகப்பட்டுப் பெடலில் கரகரக்கும். ஐப்பசி மழையில் நனைந்த நடைபாதையிலிருந்து ஏறும்போது எந்தச் சோலும் வழுக்கத்தான் செய்யும் என்பதால், கதவருகே ஒரு பழைய துவாய்த் துண்டு வைத்திருக்கிறேன். ஏறும் முன் துடைக்க நான்கு விநாடி போதும். கணுக்கால் வலி அறவே போய்விட்டது என்று சொல்லமாட்டேன், கிளச் இருக்கும்வரை அது இருக்கும். ஆனால் அலுவலக மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுவதில்லை.

சென்ற மாதம் வலது சப்பாத்தின் குதி பின்புறம் தேய்ந்து சரிந்துவிட்டது. இடது நன்றாகவே இருக்கிறது. சந்தைப் பக்கம் நடைபாதையில் குடையும் சப்பாத்தும் திருத்துகிற ஐயாவிடம் கொடுத்தேன். நல்ல தடிப்பாக, மூன்று வருடம் தாங்குகிற மாதிரி ஒரு துண்டு வைத்து ஒட்டித் தருவதாக அவர் அன்போடு சொன்னார். வேண்டாம் ஐயா, பழைய அளவுக்கே வையுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டவருக்கு அவருடைய பலகையில் அமர்ந்து, குதியை ஊன்றிக் காட்டினேன். இரண்டுக்கும் ஒரே அளவில் மெல்லிய துண்டு வெட்டி ஒட்டிக் கொடுத்தார்.