கேபிள் எத்தனை சுற்று சுற்றியது?

ஓமானில் நிஸ்வா பக்கம் ஒரு கராஜில் வேலை பார்த்தபோது, ஜபல் அக்தர் மலையில் மாதுளைத் தோட்டம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் தன் பழைய ஃபோர்வீல் பிக்கப்பைக் கொண்டுவந்தார். மஸ்கட் சாலையில் வேக வரம்பு 120. ஸ்பீடோமீட்டர் முள்ளை அதற்கு மேல் ஏற விட்டதே இல்லை, ஆனாலும் ரேடார் அபராதம் வந்துகொண்டே இருக்கிறது என்றார். ஒழுங்காக ஓட்டுகிற மனிதர் தண்டம் கட்டிக்கொண்டிருந்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வேறொரு இடத்தில் மீட்டரையே மாற்றியிருந்தார்கள். புதுசும் அதையேதான் காட்டியது. நான் டிரான்ஸ்ஃபர் கேஸைச் சந்தேகப்பட்டேன்; கியர்பாக்ஸிலிருந்து வரும் ஓட்டத்தை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து, லோ, ஹை என்று மாற்றித் தருகிற பெட்டி அது. அந்த மலை அடிவாரச் சோதனைச் சாவடியில் ஃபோர்வீல் இல்லாத வண்டியை மேலே விட மாட்டார்கள்; லோ கியரிலேயே ஏறி இறங்குகிற வண்டி. ஆனால் மீட்டர் கேபிளைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியன் இருப்பது டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாண்டி, வெளியே போகிற ஷாஃப்டில். லோ போட்டாலும் ஹை போட்டாலும் அது எண்ணுவது சக்கரத்தின் ஓட்டத்தைத்தான்.

எங்கள் சீனியர் கேட்டார்: "தம்பி, கிலோமீட்டர் சரியா ஏறுதான்னு பாத்தியா?"

எனக்கு வழி திறந்தது அந்தக் கேள்வியில்தான். கேபிள் மீட்டரில் கிலோமீட்டர் எண்கள் பல்சக்கரத்தில் நகரும். முள்ளை இழுப்பது சுழலும் காந்தம், பிடித்து நிறுத்துவது மெல்லிய ஸ்பிரிங். எண்கள் சரியாக ஏறி முள் மட்டும் தப்பினால் கோளாறு மீட்டரில். இரண்டும் ஒரே விகிதத்தில் தப்பினால் கேபிள் வழியாக வருவதே தப்பு. ஜிபிஎஸ் வைத்து ஓட்டினோம். முள் 60 என்றபோது உண்மையில் 66, 100 என்றபோது 109. பத்து கிலோமீட்டர் ஓடியதற்கு 9.1தான் ஏறியிருந்தது.

அப்புறம் கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, உள்கம்பியின் நுனியில் கொடி மாதிரி ஒரு துண்டு டேப் ஒட்டினேன். இந்த மாதிரி ஜப்பான் வண்டிகளில் கேபிள் கிலோமீட்டருக்கு 637 சுற்று சுற்றும் என்பது கணக்கு. 20 மீட்டர் தள்ளினால் பன்னிரண்டே முக்கால் வர வேண்டும். இரண்டு பேர் தள்ள, டேப்பையே பார்த்து எண்ணினேன். பதினொன்றரைக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டது.

கதவுத் தூணில் இருந்த ஸ்டிக்கரில் டயர் அளவு 225/75 ஆர்15, விட்டம் சுமார் 718 மி.மீ. வண்டியில் இருந்ததோ 31 அங்குலம், 787 மி.மீ. வாதி எனப்படும் வறண்ட ஆற்றுப் படுகைகளில் ஓட்டுவதற்காக மகன் போட்டது. பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. முள் 120 காட்டும்போது வண்டி 131-ல் போயிருக்கிறது. ஐ.நா. வாகன விதி 39 படி மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டவே கூடாது. ஓட்டுகிறவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அந்த விதி எனக்கு ரொம்ப முக்கியம்.

23 பல் பினியனை எடுத்துவிட்டு 21 பல் போட்டேன்; பல் குறைந்தால் கேபிள் கூடுதலாகச் சுற்றும். மறுபடி 20 மீட்டர் தள்ளினோம். இந்த முறை பெரியவரே குனிந்து அரபியில் எண்ணினார். பன்னிரண்டைத் தாண்டி டேப் முக்கால் சுற்றில் வந்து நின்றது.

பழைய பினியனைத் துணியில் சுற்றி டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தேன். பழைய அளவு டயருக்கே திரும்பினால் அதுதான் வேண்டும்.