வண்டி ஏன் சாலையை விட்டு விலகி ஓடுகிறது?

பேருந்துகளின் ஜிபிஎஸ் பதிவுகளை சுமோ என்ற போக்குவரத்து உருவகப்படுத்தல் மென்பொருளின் சாலை வலைப்பின்னல்மேல் வைத்துப் பார்ப்பவர்கள், பெரும்பாலும் முதலில் காண்பது வெற்றுச் சாலைகளைத்தான். வண்டிகள் எங்கோ திரைக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கும்.

ஜிபிஎஸ் கருவி தருவது டிகிரி; வலைப்பின்னலோ மீட்டரில் இருக்கிறது. சுமோவுடன் வரும் நெட்கன்வெர்ட் என்ற மாற்று நிரல், திறந்த இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை யூடிஎம் முறையில் (பூமியை நெட்டாங்கு மண்டலங்களாகப் பிரித்து, இடங்களை மீட்டரில் குறிக்கும் முறை) மீட்டராக மாற்றி, அதன் தென்மேற்கு மூலை பூஜ்யத்தில் அமையும்படி மொத்தத்தையும் நகர்த்திவிடுகிறது. சென்னை சென்ட்ரல் நிலையம் யூடிஎம் கணக்கில் கிழக்கில் ஏறத்தாழ 4,21,000 மீட்டரிலும் வடக்கில் 14,46,000 மீட்டரிலும் இருக்கும். நகருக்குள் அடங்கும் வலைப்பின்னலில் அதுவே சில ஆயிரம் மீட்டராகச் சுருங்கிவிடும். நகர்த்திய அளவு வலைப்பின்னல் கோப்பின் தொடக்கத்தில் ‘லொகேஷன்’ வரியில் நெட்ஆஃப்செட் என்ற பெயரில், நம் ஊர்களுக்கு எதிர்மறை எண்ணாகப் பதிவாகியிருக்கும். யூடிஎம் மீட்டராக மாற்றிய ஜிபிஎஸ் புள்ளிகளோடு அதைக் கூட்ட வேண்டும்.

இந்த வரியைப் பார்க்காமல், வண்டிப் புள்ளிகளைக் கண்ணளவில் இழுத்துச் சாலைமேல் உட்கார வைப்பதை நான் ஏற்பதில்லை. பதிவுகள் இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் முறையில் (உருண்டையான பூமியைத் தட்டையாக வரையும் இன்னொரு முறை) வந்திருந்தால், சென்னையின் அட்சரேகையில் நீளங்கள் சுமார் 2.7 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். 10 கிலோமீட்டர் சாலையின் ஒரு முனையைப் பொருத்தினால் மறுமுனை 270 மீட்டர் தள்ளிப்போகும். அந்தப் புள்ளிகளிலிருந்து கணக்கிடும் வேகமும் அதே விழுக்காடு கூடிவிடும்.

சென்னை–கோவை பேருந்துகளில் இன்னொரு சிக்கல் உண்டு. யூடிஎம் மண்டலங்கள் 43, 44 இரண்டையும் பிரிக்கும் 78 டிகிரி தீர்க்கரேகை, சேலத்துக்கும் சங்ககிரிக்கும் இடையே நெடுஞ்சாலையை வெட்டிச் செல்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும் நிரலில், அந்தக் கோட்டைக் கடக்கும் பேருந்தின் கிழக்கு மதிப்பு 1,73,000 மீட்டரிலிருந்து 8,27,000 மீட்டருக்கு ஒரே நொடியில் தாவும். வலைப்பின்னல் எந்த மண்டலத்தில் உருவானதோ அதையே எல்லாப் புள்ளிகளுக்கும் கட்டாயமாக்குவதுதான் வழி. அந்த மண்டல எண்ணும் அதே லொகேஷன் வரியில்தான் இருக்கிறது.

இவற்றைக் கையால் எழுதுவதைவிட, சுமோவின் சொந்த மாற்றுச் செயற்கூறான கன்வர்ட்ஜியோவிடம் விட்டுவிடுவதே எனக்குப் பிடித்த வழி. ஆனால் அது தீர்க்கரேகையை முதலில் கேட்கும். வரிசையை மாற்றிக் கொடுத்தால் சென்னைப் பேருந்து ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் நிற்கும்!

சரிபார்ப்பதற்கு வலைப்பின்னலின் ஓரங்களில், ஒன்றுக்கொன்று தொலைவாக உள்ள மூன்று சந்திப்புகளைத் தேர்ந்தெடுக்கிறேன், நடுவில் உள்ளவற்றை அல்ல. மூன்றிலும் விலகல் ஒரே அளவாக, ஒரே திசையில் இருந்தால் நெட்ஆஃப்செட்டிலும், இடத்துக்கு இடம் சீராகக் கூடிக்கொண்டே போனால் வரைபட முறையிலும் பிழையைத் தேட வேண்டும். ஓரிரு மீட்டர் முதல் பத்து மீட்டர் வரை திசையின்றிச் சிதறிக் கிடப்பது ஜிபிஎஸ்ஸின் இயல்பான தடுமாற்றம். அதைச் சாலையோடு ஒட்டவைப்பது வரைபடப் பொருத்தம் செய்யும் அடுத்த நிரலின் வேலை.