சித்திரை முதல் தேதி, கூடத்தில் கச்சேரி

2024 ஏப்ரல் 7, ஞாயிறு

அடுத்த ஞாயிறு குரோதி ஆண்டு பிறக்கிறது. காலை 8 மணிக்குக் கச்சேரி: பாட்டு, வயலின், மிருதங்கம். கேட்க 30 பேர். மைக் வேண்டாம். 20 அடிக் கூடத்தில் மைக் வைத்தால் மிருதங்கம்தான் கேட்கும். மொசைக் தரை எதிரொலிக்கும். ஜமக்காளம் விரித்து, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டால் பாதி அடங்கும். மீதியை ஆட்கள் வந்து உட்கார்ந்தாலே சரியாகிவிடும்.

ஏப்ரல் 11, வியாழன்

தம்புராவுக்குக் கம்பி மாற்றுவதானால் இன்றே மாற்ற வேண்டும். புதுக் கம்பி இரண்டு மூன்று நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். கம்பியை முறுக்கும் பிருடை வழுக்கினால் சாக்பீஸ் பொடி தடவலாம். எண்ணெய் ஆகவே ஆகாது.

பாடுபவருக்குச் சுருதி ஐந்து கட்டை. முதலில் நடு ஸட்ஜம் தரும் சாரணி, அனுசாரணிக் கம்பிகள், அப்புறம் பஞ்சமக் கம்பி, கடைசியில் கீழ் ஸட்ஜம் தரும் மந்தரக் கம்பி. பிருடையில் கிட்டத்தட்டக் கொண்டுவந்துவிட்டு, நுணுக்கத்தைக் கம்பியில் கோத்த மணியை நகர்த்திப் பார்க்க வேண்டும். சுருதி சேர்ந்த பிறகுதான் ஜீவா என்கிற நூலைச் சரிசெய்வது. கம்பிகளைத் தாங்கும் குதிரைமேல், கம்பிக்கு அடியில் இருக்கும் அந்தப் பருத்தி நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினால் ஓரிடத்தில் கம்பி சட்டென்று ரீங்கரிக்கும். இம்மி தாண்டினால் ஒலி மொட்டையாகிவிடும். நன்றாகச் சேர்ந்த மந்தரத்தில், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் என்ற ஸ்வரம் தானாகக் கேட்கும். அது கேட்காதவரை வேலை முடியவில்லை.

ஏப்ரல் 13, சனி

பட்டியல் ஒன்றரை மணி நேரத்துக்கு. தொடக்கத்துக்கு வர்ணம், ஹம்சத்வனி ராகத்தில் ஒன்று, காலை ராகமான பிலஹரி, பிரதானமாகச் சாவேரி, மிருதங்கம் மட்டும் 8 நிமிடத் தனி, துக்கடாவாக இரண்டு தமிழ்ச் சிறு பாடல்கள், மத்யமாவதி, மங்களம். நீண்டுபோகும் ராகம் தானம் பல்லவி வேண்டாம்; சமையலறையில் பச்சடி காத்திருக்கும். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரிப் பாணியைச் சுருக்கினாலும் வர்ணத்தை மட்டும் விடக்கூடாது. குரல் திறப்பதே அதில்தான்.

மிருதங்கம் பாடகருக்கு வலப்புறம். அப்போதுதான் வலதுகை வாசிக்கும் வலந்தலை சபையைப் பார்க்கும். வாசிப்பவர் இடதுகைக்காரரென்றால் இடம் மாறும். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை அப்படித்தான்.

ஏப்ரல் 14, சித்திரை 1

கனி பார்த்து, பூஜையை 7 மணிக்குள் முடித்துவிட வேண்டும். சாம்பிராணிப் புகை கலையாத கூடத்தில் பாடினால் இரண்டாவது உருப்படியிலேயே தொண்டை கட்டும்.

மிருதங்கத்தின் இன்னொரு முகமான தொப்பிக்கு ரவை, கச்சேரிக்கு அரை மணி முன்னால்தான். தண்ணீர் விட்டு இறுகப் பிசைந்து, நடுவில் அப்ப வேண்டும். நேர்மேலே மின்விசிறி சுற்றினால் ரவை காய்ந்து, சுருதி ஏறி, தொப்பியின் கும்கி நாதம் செத்துப்போகும். ஆகவே மேடைக்கு மேலுள்ள விசிறி மட்டும் நிறுத்தம். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். ஏசி அறையில் சேர்த்த வாத்தியம் கூடத்து வெக்கைக்கு வந்ததும் விலகிவிடும். எல்லோரும் உட்கார்ந்த பிறகு இன்னொரு முறை சேர்ப்பதில் வெட்கமே வேண்டாம்.

மங்களம் முடிந்ததும் வேப்பம்பூப் பச்சடி வரும். அதற்கு முன் தொப்பியிலுள்ள ரவையை வழித்து, ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். காய்ந்து இறுகிய ரவையைச் சுரண்டினால் தோலும் சேர்ந்து வரும்.