இது எந்த மாசத்துக் கடல்?

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஞாயிறு ராத்திரி எங்கள் குழுவில் படம் போடும் நேரம். குழு என்றதும் பெரிய சங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ரயில் மாடல் செய்கிற கிறுக்கு பிடித்த கொஞ்சம் பேர், மதுரை, கோவை, சேலம், மண்டபம், இலங்கையின் மன்னார் என்று சிதறிக் கிடக்கிறோம். அந்த வாரம் செய்ததைப் படம் எடுத்துப் போட வேண்டும். முடிந்த வேலையா, பாதி வேலையா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

நான் செய்துகொண்டிருப்பது பழைய பாம்பன் பாலம். முழுப் பாலம் இல்லை. 1914-ல் திறந்த அந்தப் பாலம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்காக, முழுசாகச் செய்தால் 23 மீட்டரைத் தாண்டிவிடும். எங்கள் மாடி அறை அதில் கால்வாசிகூட வராது. 143 தூண்களையும் வார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஆயுசும் இல்லை. நடுவில் கப்பலுக்கு வழிவிடும் தூக்குப்பாலம், இரண்டு பக்கமும் சில கர்டர்கள் (இரும்பு உத்திரங்கள்), அவ்வளவு போதும். காலம் 1970-கள். மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர்.

இன்று போட்டது தூக்குப்பாலத்தின் ஒரு பக்க இறக்கை. ஸ்டைரீன் ஷீட்டில் வெட்டி ஒட்டியது, இன்னும் பெயின்ட் காணாத வெள்ளை வெளேர் பிளாஸ்டிக். ஷெர்ஸர் வகைத் தூக்குப்பாலம் கதவுபோல ஒரே அச்சில் திரும்பாது. அடியில் இருக்கும் வளைந்த பாகம் ஒரு பட்டைமேல் உருண்டு பின்னால் போகும், போகப்போக இறக்கை மேலே எழும்பும். ஆடும் நாற்காலியில் பின்னால் சாய்ந்தால் கால் தானே தூக்கிக்கொள்ளும் அல்லவா, அந்த வித்தைதான். பாம்பனில் இதற்கு மோட்டார் கிடையாது. ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறந்தார்கள்.

இந்த வெள்ளைப் பிளாஸ்டிக் படத்துக்கு வந்த பதில்களைப் படித்து முடிக்கவே நேரமாகிவிட்டது. வளைவு சரியா, ரிவெட் இடைவெளி சரியா, இறக்கையைச் சமன்செய்யும் எடைக்கல் எங்கே வைக்கப் போகிறாய் என்று ஆளுக்கொரு கேள்வி. போன மாதம் பெயின்ட் எல்லாம் அடித்து அழகாகப் போட்ட ஸ்டேஷன் படத்துக்கு வந்தது வெறும் "சூப்பர்", "செம", கைதட்டல் பொம்மை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகஸ்ட் 6, புதன்

கோவைத் தம்பி நடுவாரத்திலேயே ஒரு படம் போட்டுவிட்டான். ஆற்றுப் பாலம், இரும்பு கர்டர், மேலே தண்டவாளம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் சார் வந்துவிட்டார். தென் மாவட்டங்களில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்ற பி.டபிள்யூ.ஐ., அதாவது ரயில்பாதை ஆய்வாளர். குழுவில் எல்லோருக்கும் அவர் சார்தான்.

"தம்பி, கர்டர் மேல ஜல்லிய யாரு கொட்டினா?"

அவ்வளவுதான் எழுதினார். பின்னாலேயே ஒரு குரல் பதிவு. இந்த மாதிரி கர்டர் பாலத்தில் தளம் கிடையாது. மரக்கட்டை ஸ்லீப்பர் நேரே கர்டர்மேல் உட்காரும், நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தண்ணீர் தெரியும். ஜல்லி கொட்டினால் ஆற்றுக்குள்தான் போகும். அப்புறம், பாலத்துமேல் உள்பக்கமாக இன்னொரு ஜோடி தண்டவாளம் ஓட வேண்டும். அது கார்ட் ரெயில். சக்கரம் தடம் இறங்கினாலும் வண்டி பக்கவாட்டில் போய்விடாமல் பிடித்துக்கொள்ள.

தம்பி, "ரெடிமேட் டிராக்குல ஜல்லியோட சேர்ந்துதான் சார் வருது" என்றான். உண்மைதான். வெளிநாட்டிலிருந்து வரும் டிராக்கை அப்படியே பாலத்தில் வைத்தால் இதுதான் நடக்கும். நான் பால்சா கட்டையில் ஸ்லீப்பர் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். விரலெல்லாம் உப்புத்தாள் தேய்ந்த கோடு.

ஒரு விஷயத்தில் மீட்டர் கேஜ்காரர்கள் பாக்கியசாலிகள். 1000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5, கடையில் கிடைக்கும் டிராக் 12. அரை மில்லிமீட்டரை எந்தக் கேமராவும் காட்டிக்கொடுக்காது. அகலப் பாதை செய்கிறவர்கள் நிலைமை பாவம். அவர்கள் பாதை 1676 மில்லிமீட்டர், அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும். ஆனால் உலகம் முழுக்க விற்கிற டிராக்கும் எஞ்சின் அடிப்பாகமும் 16.5-க்குத்தான். அதனால் அவர்கள் வண்டிகள் நேர் எதிரே நின்று பார்த்தால் ஒல்லிக்கால். கவனித்துப் பாருங்கள், அகலப் பாதைக்காரர்கள் படத்தை எப்போதும் பக்கவாட்டில்தான் எடுப்பார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கடல் போட்டாயிற்று. பிளைவுட்மேல் டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒட்டி, சுருக்கம் சுருக்கமாக நெளியவிட்டு, காய்ந்தபின் பச்சையும் நீலமும் அடித்து, மேலே பளபளப்பு வார்னிஷ். மொத்தமாக ஒரே கடல். படம் எடுத்துப் போட்டேன்.

மண்டபத்தில் இருக்கும் உறுப்பினர், மீன்பிடிக் குடும்பம், அதிகம் பேசமாட்டார். இன்று ஒரே ஒரு வரி: "அக்கா, இது எந்த மாசத்துக் கடல்?"

எனக்கு முதலில் புரியவில்லை. போன் போட்டேன். அவர் சொன்னதைக் கேட்டபின் பாலத்தையே வேறு கண்ணால் பார்க்கிறேன். பாலத்துக்கு ஒரு பக்கம் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம். மறு பக்கம் தென்கடல், மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணியில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழும்பினால் அப்படியே தலைகீழ். ஒரே பாலத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அலை இருக்கிற நாள் குறைவு. நீரோட்டமும் காலத்துக்குத் தகுந்தபடி திசை மாறும், அதனால் தூணுக்கு எந்தப் பக்கம் சுழி விழும் என்பதும் மாறும்.

"மாசத்தைச் சொல்லுங்க, அலையை நான் சொல்றேன்" என்றார்.

எத்தனை புத்தகம் புரட்டியிருந்தாலும் இது எனக்குக் கிடைத்திருக்காது. கடல் முழுசாக முடிந்து, பாலமும் ஏறி, படம் ஜோராக வந்திருந்தால் அவரும் கைதட்டல் பொம்மை போட்டுவிட்டுப் போயிருப்பார். மரியாதைக்கு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. மாதம் ஆடி என்று முடிவு செய்தேன். வடகடல் பக்கம் டிஷ்யூ சுருக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தட்டையாக்கி, வார்னிஷ் மட்டும் இன்னொரு கை. தென்கடல் பக்கம்தான் வேலை. பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து, முறுக்கி, ஃபெவிகாலில் தோய்த்து அலைமுகடாக வைத்தேன். பெரிதாக வைக்கக் கூடாது. ஒன்றரை மீட்டர் அலை என்றால் இந்த அளவில் 17 மில்லிமீட்டர், அதுவே அதிகம். பாலத்து ஆள் ஒருவர் 19 மில்லிமீட்டர்தான். அலை ஆள் உயரத்துக்கு நின்றால் படம் பயமுறுத்தும், நம்பவைக்காது.

நுரைக்கு வெள்ளை பெயின்ட்டை உலர்ந்த பிரஷ்ஷில் தொட்டு, காகிதத்தில் துடைத்துவிட்டு, மிச்சம் ஒட்டியிருப்பதை மட்டும் முகட்டின்மேல் இழுக்க வேண்டும். தூண்களில் தண்ணீர் ஏறி இறங்கும் உயரம் வரை கரும்பச்சை, அதற்குமேல் உப்பு பூத்த சாம்பல். கர்டருக்கு அலுமினியப் பெயின்ட், ரிவெட் தலைகளிலும் மூட்டுகளிலும் மட்டும் துரு. முழுக்கத் துரு அடிக்கிற பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. அது ஓடுகிற பாலம், ஆள் வைத்துச் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்த பாலம். கைவிட்ட பாலம் மாதிரி காட்டினால் அந்த ஆட்களின் உழைப்பு எங்கே போகும்?

ஃபேன் போட்டால் பஞ்சு பறக்கிறது. போடாவிட்டால் மதுரை வெயிலில் நான் பறக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இரண்டு கடலையும் போட்டேன். மண்டபத்துக்காரர் சுழிகளை மட்டும் இடம் மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டேன்.

சேலத்து அண்ணன் வேறு ஒரு யோசனை சொன்னார். 1964 புயல் காட்சியாகவே செய்துவிடு, படம் பிரமாதமாக இருக்கும் என்றார். டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. பாலமும் சிதைந்தது. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார்கள், தனுஷ்கோடி பாதை மட்டும் திரும்பவே இல்லை. பஞ்சு அலைக்கு நடுவில் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து விளக்குப் போட்டுப் படம் எடுக்க எனக்குக் கை வராது என்று சொன்னேன். அண்ணன் சரி என்றார், விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று முழுக்கக் கேமராவோடுதான் போனது.

பாம்பன் ரயில் பாலம் என்றதும் நம் எல்லோர் மனசிலும் ஒரே படம்தான் வரும். மேலேயிருந்து, கொஞ்சம் பக்கவாட்டில், பாலம் கடலுக்குள் நீண்டு போவது. பஸ்ஸை நிறுத்திச் சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எல்லோரும் எடுக்கிற படம். அந்தச் சாலைப் பாலம் திறந்தது 1988-ல். என் மாடல் நடக்கிற 1970-களில் அந்த உயரத்தில் நிற்க இடமே கிடையாது. அப்போது பாலத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் வள்ளத்தில் இருந்து அண்ணாந்துதான் பார்த்திருப்பார்கள்.

அதனால் மேலேயிருந்து எடுக்கவில்லை. குழுவில் பாதிப் பேருக்கு இது வீம்பாகத் தெரியலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. தொடுவானம் எப்போதும் பார்க்கிறவர் கண் மட்டத்தில்தான் இருக்கும். நிஜக் கடலில் மேலே ஏறினால் அதுவும் கூடவே ஏறும். மாடலுக்குப் பின்னால் அட்டையில் வரைந்த தொடுவானம் ஏறாது, வரைந்த இடத்திலேயே கிடக்கும். கேமராவைத் தூக்கியதும் கடலும் வானமும் தனித்தனியாகப் பிரிந்து, அட்டை அட்டையாகவே தெரியும். தாழ்வாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

தாழ்வாக எடுப்பதற்குப் பெரிய கேமராவைவிட போன் மேல். லென்ஸ் ஓரத்தில் இருப்பதால் போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் லென்ஸ் கிட்டத்தட்ட தண்ணீரிலேயே உட்காரும். சென்சார் சின்னது என்பதால் முன்னால் இருக்கும் வள்ளமும் பின்னால் இருக்கும் தூணும் ஓரளவு சேர்ந்தே தெளிவாக வரும். பெரிய கேமராவில் லென்ஸ் துளையை எஃப் 16 வரை சுருக்கி, ஃபோகஸை மாற்றி மாற்றிப் பல படம் எடுத்து ஒன்றாக அடுக்க வேண்டியிருக்கும். விளக்கு ஒன்றே ஒன்று, தள்ளி, உயரத்தில். இரண்டு விளக்கு வைத்தால் தூணுக்கு இரண்டு நிழல் விழும், சூரியன் அப்படிச் செய்யாது.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை, விருந்தாளிகள். மாடி அறையைப் பூட்டிச் சாவியை ஒளித்துவைத்தேன். குழந்தைகளுக்குத் தூக்குப்பாலம் கண்ணில் பட்டால் அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

முடித்த படம் போட்டேன். தூக்குப்பாலம் இரண்டு இறக்கையும் விரித்து நிற்கிறது, கீழே ஒரு பாய்மரத் தோணி கடந்துபோகிறது. கைப்பிடியைச் சுற்றும் ஆட்கள் சட்டை இல்லாமல், தலையில் துண்டு.

முதல் பதில் கோவைத் தம்பி: "அக்கா, ரயில் எங்கே?"

பாலம் திறந்திருக்கும்போது ரயில் எப்படிடா வரும் என்று கேட்டேன். "ரயில் மாடல் குழுல ரயில் இல்லாத படம்" என்று சிரிப்பு பொம்மை. மற்றபடி எதிர்பார்த்ததுதான். சூப்பர், செம, கைதட்டல். சார் மட்டும் கார்ட் ரெயிலைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "சரியா இருக்கு" என்று எழுதினார். அவரிடம் அது பெரிய பட்டம்.

ஒருவர் என் படத்தையே எடுத்து, ஏதோ செயலியில் போட்டு, வானத்தில் மேகமும் கடற்பறவைகளும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருந்தார். நல்ல மனசுதான். ஆனால் அந்தச் செயலி என் ரிவெட்டுகளையும் வழவழவென்று மழித்துவிட்டது.

கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் என்று ஒருவர் இருந்தார், தொழில்முறைப் புகைப்படக்காரர். வீட்டின் அடித்தளத்தில் அவர் கட்டிய கோர் அண்ட் டாஃபெடிட் என்ற மாடல் ரயில்பாதை எங்கள் ரயில் மாடல் உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். 1973 ஜனவரியில் அவர் இறந்தார், சில நாளிலேயே தீப்பிடித்து அது அழிந்தது. இன்று நாம் அதிலிருந்து கற்றுக்கொள்வதெல்லாம் அவர் எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பிய படங்களிலிருந்துதான். அந்தப் படங்களில் ஒரு செயலி புகுந்து அழகுபடுத்தியிருந்தால் நம் கைக்கு என்ன வந்திருக்கும்? மேகம் சேர்த்தவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் முகம் சுண்டியிருப்பார் போல, பதில் இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

மன்னார்த் தம்பி இத்தனை நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவன், இன்று தன் மேசையைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறான். தலைமன்னார் இறங்குதுறை! வெறும் அட்டை, பென்சில் கோடு, ஊசி குத்தி நிறுத்திய தூண்கள். அவ்வளவுதான், ஆனால் குழுவே எழுந்து உட்கார்ந்துவிட்டது. 1964-க்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்துதான் அங்கே போனது. என் பாலத்தைத் தாண்டி வந்தவர்கள் போய் இறங்கிய துறை அது.

"அக்கா, உங்கட பக்கம் மீட்டர் கேஜ், எங்கட பக்கம் அகலப் பாதை. நான் பதினாறரையில போடவோ, சரியா பத்தொன்பது மூன்றில கையால கட்டவோ?" என்று கேட்டிருக்கிறான். இலங்கை ரயில் 1676 மில்லிமீட்டர் பாதை. சார் உடனே "கையால கட்டு" என்றார். சேலத்து அண்ணன் "எஞ்சின் சக்கரத்துக்கு எங்க போவான்" என்று சண்டைக்கு நின்றார். நள்ளிரவு வரை ஓடியது.

நான் நடுவில் ஒன்று சொன்னேன். அவன் முடித்ததும் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட வேண்டும், அதற்கு இரண்டிலும் வெயில் ஒரே பக்கமிருந்து விழ வேண்டும். அவன் துறையைத் தெற்கே பார்த்து எடுக்கப் போகிறானா, வடக்கே பார்த்தா என்பது தெரிந்தால்தான் விளக்கை எந்தப் பக்கம் வைப்பது என்று சொல்ல முடியும். வரைபடத்தில் குறித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆடி மாசக் கடலையே அவனும் போட வேண்டும், அதையும் சொல்லிவிட்டேன். மண்டபத்துக்காரர் அலைக்குப் பொறுப்பு.