ஃபிட்டர் தேர்வுக்குச் சுத்தியல் பாடம்: எதை எப்படிப் படிப்பது

ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) ஃபிட்டர் பிரிவில், அதாவது உலோகப் பாகங்களைச் செதுக்கிப் பொருத்தும் தொழிலில், சுத்தியல் சின்னப் பாடம். வகைகளின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் பலரும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். கணினித் தேர்வில் அது ஓரளவு கைகொடுக்கும். வாய்மொழித் தேர்வில் "ஏன் அப்படி?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும். அதனால் பாகங்களிலிருந்து தொடங்குங்கள்.

சுத்தியல் தலையில் நான்கு இடங்கள்: அடிக்கும் முகம், அதற்கு எதிர்முனையான பீன், இரண்டுக்கும் நடுவிலுள்ள கன்னம், கைப்பிடி நுழையும் துளையான கண். முகம் லேசாகக் குவிந்திருக்கும். தட்டையாக இருந்தால் அடி சற்றுச் சாய்ந்தாலும் அதன் விளிம்பு வேலைப்பொருளில் பதிந்து தழும்பாகிவிடும். முகத்தையும் பீனையும் கடினப்படுத்துவார்கள். கன்னத்தை மென்மையாகவே விடுவார்கள், அதிர்ச்சியைத் தாங்க வேண்டியது அந்த இடம். எடை முத்திரையும் அங்கேதான். கண் நீள்வட்டமானது, இரு வாயும் அகன்று நடுவில் குறுகியிருக்கும். கைப்பிடி கீழ்வாயில் இறுகும், மேல்வாயில் ஆப்பு மரத்தை விரிக்கும், தலை எந்தப் பக்கமும் கழன்று வராது. முகமும் கண்ணும் எல்லாச் சுத்தியலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஃபிட்டரின் எஃகுச் சுத்தியலுக்குப் பெயர் வருவது பீனால்.

பால் பீன் எளிது. உருண்டை முனை உலோகத்தை எல்லாத் திசையிலும் பரப்பும். ரிவெட் (தகடுகளை இணைக்கும் உலோக ஆணி) அடிக்கும்போது முதலில் முகத்தால் அடித்துத் தண்டைத் துளையில் நிரப்ப வேண்டும். பிறகு பீனால் சுற்றிச் சுற்றி அடித்துத் தலையை உருட்டி, கடைசியில் ஸ்னாப் (தலைக்கு உருண்டை வடிவம் தரும் குழிந்த அச்சு) வைத்து முடிக்க வேண்டும். ஸ்னாப் தலைக்கு ரிவெட் விட்டத்தில் 1.5 மடங்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். குறைந்தால் தலை முழுதாக அமையாது.

எல்லோரும் குழம்புவது கிராஸ் பீனிலும் ஸ்ட்ரெய்ட் பீனிலும். கைப்பிடிக்குக் குறுக்கே விளிம்பு இருந்தால் கிராஸ், கைப்பிடி போகும் திசையிலேயே இருந்தால் ஸ்ட்ரெய்ட். இதைச் சொல்லிவிடுவார்கள். உலோகம் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டால்தான் தடுமாற்றம். பீன் விளிம்புக்குச் செங்குத்தாகவே உலோகம் விலகும். ஆகவே கிராஸ் பீன் கைப்பிடியின் திசையில் நீட்டும், ஸ்ட்ரெய்ட் பீன் பக்கவாட்டில் விரிக்கும். படித்தால் மட்டும் இது மனதில் நிற்காது. 3 மி.மீ. அலுமினியப் பட்டைத் துண்டு ஒன்றை நீளவாக்கில் உங்களை நோக்கி வைத்து, கிராஸ் பீனால் வரிசையாக அடித்து, வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். நீளம் கூடியிருக்கும். இன்னொரு துண்டில் ஸ்ட்ரெய்ட் பீனால் அடித்தால் கூடுவது அகலம். அதன் பிறகு மறக்காது.

எடையில் பாடப்புத்தகம் வலியுறுத்துவது 250 கிராம்: சென்டர் பஞ்ச் (துளையிடும் இடத்தில் புள்ளி பதிக்கும் கூர்முனைக் கருவி) வைத்துக் குறியிட இதுவே போதும். கனமான சுத்தியலை எடுத்தால் பஞ்ச் நழுவும், புள்ளி அளவுக்கு மீறிக் குழிந்து டிரில் போகும் இடமே மாறும். உளியால் செதுக்குவது போன்ற பொது வேலைக்கு 500 கிராம் அளவில். சம்மட்டி கொல்லுப்பட்டறையின் கருவி, ஃபிட்டர் மேசைக்கு வருவது அபூர்வம்.

மென்சுத்தியல்களில் கொட்டாப்புளி (மரச்சுத்தியல்), செம்பு, ஈயம், ரப்பர், நைலான் எல்லாம் அடங்கும். வேலை முடிந்த பரப்பில் தழும்பு விழக்கூடாத இடத்துக்கு இவை. வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான்) பேரலல் பிளாக் எனும் இணைபக்கத் தாங்குகட்டை மேல் வேலைப்பொருளை உட்கார வைக்க ஈயம் நல்லது. கனம் உண்டு, துள்ளாது. எஃகால் தட்டினால் பொருள் எம்பி அடியில் இடைவெளி விழும். செம்புச் சுத்தியல் அடிபட அடிபட இறுகும், அவ்வப்போது சூடேற்றி மென்மையாக்க வேண்டும். கொட்டாப்புளியால் ஆணி அடிப்பது அதைக் கெடுக்கும் வேலை.

செய்முறையில் கைப்பிடி போடச் சொன்னால்: மரத்தைக் கண்ணுக்கு ஏற்பச் செதுக்கி, முனையில் நீள்வட்டத்தின் நீளவாக்கில் ரம்பக் கீறல் போடுங்கள். கண்ணின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும். அதைத் தாண்டினால் ஆப்பு அடிக்கையில் கைப்பிடி பிளக்கும். தலையை மாட்டி, அது கீழே தொங்கும்படி பிடித்து, கைப்பிடியின் மறுமுனையில் கொட்டாப்புளியால் தட்டுங்கள். தலை தானாக மேலேறி இறுகும். பிறகு ஆப்பு. தளர்ந்த சுத்தியலைத் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. ஊறிய மரம் கண்ணுக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். ஆப்பை மாற்றுவதுதான் வழி.

அடிக்கும்போது கைப்பிடியின் கடைக்கோடியைப் பிடியுங்கள். லேசான அடிக்கு மணிக்கட்டு, செதுக்க முழங்கை, கனமான அடிக்குத் தோள். செதுக்கும்போது பார்வை உளியின் வெட்டுமுனையில் இருக்க வேண்டும். உளித்தலையைப் பார்த்து அடிப்பவரின் வெட்டு ஆழம் சீராக வராது. தேர்வாளர் இதைக் கவனிப்பார். கைப்பிடியில் எண்ணெய், காளான் போல் விரிந்த உளித்தலை, கண்ணாடி அணியாமை ஆகியவற்றுக்கும் கண்டிப்பு உண்டு. இரண்டு சுத்தியல் முகங்களை ஒன்றோடொன்று மோதலாமா என்ற கேள்வியும் வரலாம். கூடாது: இரண்டுமே கடினப்படுத்தியவை, விளிம்பிலிருந்து சில்லு தெறித்துக் கண்ணைக் குத்தும்.