ஓர் ஒற்றைக்கொம்பு

கொழும்பு, புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் எங்கள் சட்டத்தரணி அலுவலகம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் மேசை போட்டு உட்காருகிறோம். கட்டணம் இல்லை. பெரிய வழக்குகள் வரும் என்று நினைத்தேன், வருவதெல்லாம் எழுத்துப்பிழைகள்!

இன்று ஓர் அம்மா நான்காக மடித்த பிறப்புச் சான்றிதழை நீட்டினார். அடையாள அட்டையில் பெயரின் முதலெழுத்துக்கு ஒற்றைக்கொம்பு இருக்கிறது, சான்றிதழில் இல்லை. அதற்காக ஊழியர் சேமலாப நிதிப் பணம் நிற்கிறதாம். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக்கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) எழுதி வாசித்துக் காட்டினேன். "இவ்வளவுதானா தம்பி?" என்றார்.

வழக்காட வசதியில்லாதவர்களைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்புகிறோம். 1978இன் 27ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது, இருப்பதும் புதுக்கடையில்தான். பக்கத்துத் தெருக்காரருக்கே தெரியவில்லை என்பதில் எனக்கு எரிச்சல்.

அடுத்த முறை வருபவர்கள் நகல்களோடு வாருங்கள். நிழற்பிரதிக் கடை மதியத்தோடு மூடிவிடுகிறது.