ஷாக்கை மாற்றுவதற்கு முன் பிராக்கெட்டைப் பாருங்கள்

பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டிய கிட் காரில் ஷாக் அப்சார்பர் போனால், முதல் வேலையாகப் புதுசு ஆர்டர் பண்ணாதீர்கள். கீழ்க் கண்ணில் (போல்ட் நுழையும் வளையம்) விரிசல், வளைந்த ராடு (உள்ளே போய் வரும் தண்டு), ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த சீல் (எண்ணெயைத் தடுக்கும் வளையம்), இந்த மூன்றில் எதைக் கண்டாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது மாட்டிய விதத்தை, அதாவது ஷாக்கைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டைத்தான். காரணம் தெரியாமல் மாற்றினால் புதுசும் அதே இடத்தில் உடையும்.

ராடைச் சுற்றி லேசான எண்ணெய்ப் பசை இருந்தால் பயமில்லை. எண்ணெய் ஷாக்கின் உடம்பில் வழிந்து தூசி அப்பியிருந்தால் சீல் போய்விட்டது. மழையில் எது தண்ணீர், எது எண்ணெய் என்று குழம்பும். நன்றாகத் துடைத்துவிட்டு, பலமாடி கார் நிறுத்துமிடத்தில் ஹம்ப் எல்லாம் தாண்டி மேல் தளம் வரை ஏறி இறங்கி, திரும்பப் பாருங்கள்.

அடுத்தது பலர் செய்யாமல் விடும் சோதனை. காரை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஷாக்கை மட்டும் மாட்டி, சக்கரத்தை ஜாக்கால் அடிமுதல் உச்சிவரை மெதுவாகத் தூக்குங்கள். எங்காவது இறுகினால் மேல் கீழ் பிராக்கெட்டுகள் ஒரே கோட்டில் இல்லை என்று பொருள். ஷாக் நீளவாக்கில் வரும் விசையைத் தாங்கச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் வளைத்தால் கண்ணும் ராடும்தான் பலி. வாஷர் வைத்து நேராக்கலாம். வெல்டிங்கே கோணலாக இருந்தால் வெட்டி மறுபடி வைப்பதுதான் சரி. போல்ட்டை இழுத்து இறுக்கிச் சமாளிக்கக் கூடாது.

இன்னொரு பெரிய காரணம், ஷாக் அடிதட்டுவது, அதாவது முழுக்க அமுங்கி முட்டுவது. திறந்த நீளம் 330 மிமீ, மூடிய நீளம் 230 மிமீ என்றால் ஓட்டம் 100 மிமீ. ஆள் உட்கார்ந்து கார் நிற்கும்போது அது சுமார் 295 மிமீ இருக்கட்டும்: கீழே தொங்க 35, மேலே ஏற 65. அப்படி முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் 20 மிமீ என்றால் மிஞ்சுவது 45தான்.

ஸ்பிரிங் கணக்கும் இதோடு சேர்ந்தது. சக்கரம் 10 மிமீ ஏறும்போது ஷாக் 6 மிமீ அமுங்கினால் விகிதம் 0.6. அந்த மூலையில் சக்கரம் நீங்கலாகக் காரின் எடை 100 கிலோ என்றால், அதை 0.6-ஆல் வகுக்க, ஸ்பிரிங் மேல் விழுவது 167 கிலோ. ஓர் அங்குலம் அமுங்க 350 பவுண்டு கேட்கும் ஸ்பிரிங் 27 மிமீதான் அமுங்கும். ஷாக் 35 மிமீ நீண்டு சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் 8 மிமீ லூஸாகிக் கடகடக்கும். 250 பவுண்டு போட்டால் 37 மிமீ அமுங்கும், 2 மிமீ பிரீலோடு (மாட்டும்போதே கொடுக்கும் அமுக்கம்) போதும்.

மாட்டும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதுசு என்றால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒருபுறம் சாயும். எம்12, 8.8 கிரேடு போல்ட்டைச் சுமார் 80 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். கிட் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. போல்ட்டின் மரை பிராக்கெட் துளைக்குள் உட்காரக் கூடாது, வழவழப்பான தண்டுதான் இருக்க வேண்டும். நைலாக் நட் (கழலாமலிருக்க உள்ளே நைலான் வளையம் உள்ளது) ஒவ்வொரு முறையும் புதுசு. கண்ணுக்குள் இருப்பது ரப்பர் புஷ் என்றால் கார் தரையில் நிற்கும் உயரத்தில்தான் கடைசி இறுக்கம். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும்.

கடைசியாக, ராடில் ஒரு கேபிள் டையைக் கட்டி, உடம்போடு ஒட்டத் தள்ளிவிட்டு ஓட்டுங்கள். அது போய் நின்ற இடம்தான் ஷாக் அமுங்கிய எல்லை. பம்ப் ஸ்டாப்பில் போய் நசுங்கிக் கிடந்தால் உயரத்தையும் ஸ்பிரிங்கையும் மறுபடி பார்க்க வேண்டும்.